கையை உயர்த்திய பிறகு: போர்க்கைதியும் ஆண்மையும்

ஒரு சிப்பாய் பிடிபட்ட முதல் மணித்தியாலத்தில் அவனிடமிருந்து எவையெவை போகின்றன என்று பார்த்தாலே சிறைப்பிடிப்பு எந்த இடத்தில் அடிக்கிறது என்பது விளங்கிவிடும். முதலில் துவக்கு போகிறது. அடுத்து தலைக்கவசம், இடுப்புப் பட்டி, சப்பாத்து நாடா. பட்டி இல்லாவிட்டால் காற்சட்டையை ஒரு கையால் பிடித்தபடியே நடக்க வேண்டும். நாடா இல்லாவிட்டால் ஓட முடியாது, காலை இழுத்து இழுத்துத்தான் வைக்கலாம். பிறகு கண்ணைக் கட்டுகிறார்கள், கைகளைப் பின்னால் கட்டுகிறார்கள். அதற்குப் பிறகு சிறுநீர் கழிக்கவும் ஒருவனிடம் கேட்க வேண்டும், பொத்தானைக் கழற்றிவிட இன்னொருவனின் கை வேண்டும். காலையில் பத்துப் பேருக்குக் கட்டளையிட்டவன் மாலையில் உடம்பின் மிகச் சின்னத் தேவைக்கும் அனுமதி கேட்டு நிற்கிறான்.

பட்டியையும் நாடாவையும் எடுப்பதற்குப் பாதுகாப்புக் காரணம் உண்டு. தூக்குப் போட்டுக்கொள்ளாமலும் தப்பி ஓடாமலும் அது தடுக்கும். ஆனால் ஆடையை முழுதாகக் களைந்து வரிசையில் நிறுத்துவதற்கும், மீசையை மழிப்பதற்கும், முழங்காலில் வைத்துப் படம் பிடிப்பதற்கும் அந்தக் காரணம் போதாது. ‘நீ இனி ஆம்பிளை இல்லை’ என்று வாயால் சொல்லாமல் சொல்லும் வேலை அது. விசாரணை செய்பவர்களுக்கு இது பழகிய கணக்கு: மானம் உடைந்தவன் சீக்கிரம் பேசுவான் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை பெரும்பாலும் பிழை. மானம் உடைந்தவன் கேட்பவருக்குப் பிடித்ததைச் சொல்வான். அது தகவல் ஆகாது.

1949ஆம் ஆண்டின் மூன்றாவது ஜெனீவா உடன்படிக்கையை எழுதியவர்கள் இரண்டு உலகப் போர்களின் முகாம்களைப் பார்த்தவர்கள். அதனால் அதன் உறுப்புரைகளில் சோறு தண்ணீரோடு மானமும் இடம்பிடித்திருக்கிறது. கைதியின் உடலுக்கும் கௌரவத்துக்கும் மதிப்பளிக்க வேண்டும் என்கிறது 14ஆம் உறுப்புரை. தரச் சின்னம், பதக்கம், மனதுக்கு நெருக்கமான சிறு பொருட்கள் எதையும் பறிக்கக்கூடாது என்கிறது 18. கேள்வி கேட்டால் பெயர், தரம், பிறந்த திகதி, தொடரிலக்கம் ஆகியவற்றைச் சொன்னால் போதும் என்கிறது 17. பிடிபட்டு ஒரு வாரத்துக்குள் வீட்டுக்கு ஓர் அட்டை எழுத விட வேண்டும் (70). அதன் பிறகு மாதத்துக்குக் குறைந்தது இரண்டு கடிதங்களும் நான்கு அட்டைகளும் (71). எல்லாவற்றிலும் நுட்பமானது 13ஆம் உறுப்புரை. கைதியை ஊரார் வேடிக்கை பார்க்கும் பொருளாக்கக் கூடாது என்று அது சொல்கிறது. அடி உதைக்கு எதிரான பாதுகாப்போடு கண்களுக்கு எதிரான பாதுகாப்பையும் ஒரே உறுப்புரையில் வைத்தவர்கள் விஷயம் அறிந்தவர்கள்.

இந்தக் கண்களின் விஷயத்தைக் கொழும்புத் துறைமுகம் ஒரு தடவை நல்லபடியாகக் கையாண்டிருக்கிறது. 1914 செப்டெம்பரில் சென்னையைக் குண்டு வீசித் தாக்கிய ஜேர்மன் போர்க்கப்பல் எம்டனை, நவம்பரில் கொக்கோஸ் தீவருகே அவுஸ்திரேலியக் கப்பல் சிட்னி தோற்கடித்தது. உயிர் தப்பிய ஜேர்மனியர்களை ஏற்றிக்கொண்டு அது நவம்பர் 15ஆம் திகதி கொழும்புக்குள் வந்தபோது, துறைமுகம் முழுவதும் துருப்புகளை ஏற்றிய கப்பல்கள் நின்றன. காயப்பட்ட கைதிகள் இருக்கிறார்கள், யாரும் ஆரவாரம் செய்ய வேண்டாம் என்று சிட்னியின் தலைவர் முன்கூட்டியே கேட்டுக்கொண்டிருந்தார். வென்ற கப்பல் அமைதியாகவே உள்ளே வந்தது. எம்டனின் அதிகாரிகள் தங்கள் வாளை வைத்துக்கொள்ளவும் அனுமதிக்கப்பட்டார்கள். தோல்வி அப்படியே இருந்தது, அதை அவமானமாக்கும் கூட்டம் மட்டும் இருக்கவில்லை.

இதன் மறுபக்கத்தை இன்றைக்கு எல்லோரும் கைத்தொலைபேசியில் பார்க்கிறோம். 2019 பெப்ரவரி 27ஆம் திகதி பாகிஸ்தானில் விழுந்த இந்திய விமானி அபிநந்தனின் கண்கட்டிய காணொளி, அவர் விசாரிக்கப்பட்ட இடத்தை விட்டு வெளியேறும் முன்பே உலகம் முழுவதும் சுற்றியது. மார்ச் 1ஆம் திகதி அவர் விடுவிக்கப்பட்டார். சில நாட்களில் அவரது மீசை சலூன்களில் கேட்டு வாங்கும் வெட்டு ஆனது. கைதி ஒருவர் வீரராகவே வீடு திரும்பலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம் என்று சொல்வார்கள். எங்களுக்கு அப்படிப் படவில்லை. மூன்று நாளில், மீசையோடு, அரசொன்று வேண்டி நின்றதால் திரும்பியவர் அவர். மூன்று வருடம் கழித்து, பல்லில்லாமல், யாரும் கேட்காமல் திரும்புகிறவனுக்கு அந்த வரவேற்பு எங்கும் கிடைத்ததில்லை.

வெட்கத்தைக் கற்றுக்கொடுப்பவர்கள்

பிடிபடுவது கேவலம் என்ற எண்ணம் மனிதனுக்குத் தானாக வருவதில்லை. அதைப் படைகள் திட்டமிட்டுப் பயிற்றுவிக்கின்றன. காரணம் எளிது. பிடிபட்டவன் தகவலைக் கொண்டுபோகிறான், ஒருவன் கையை உயர்த்தினால் பக்கத்தில் நிற்பவனுக்கும் உயர்த்தத் தோன்றும். சரணடைவதைத் தடுக்க ஒவ்வொரு சிப்பாயின் பின்னாலும் காவல் போட முடியாது. வெட்கத்தை உள்ளே போட்டுவிட்டால் அது செலவில்லாத காவல்.

1941 ஜனவரியில் ஜப்பானிய இராணுவம் தன் சிப்பாய்களுக்குக் கொடுத்த ஒழுக்கக் கோவை, உயிரோடு கைதியாகும் இழிவை ஏற்காதே என்றது. விளைவு எப்படி இருந்தது என்பதை அவுஸ்திரேலியாவின் கௌரா முகாம் காட்டியது. 1944 ஓகஸ்ட் 5ஆம் திகதி அதிகாலையில் 1,100க்கும் மேற்பட்ட ஜப்பானியக் கைதிகள் முட்கம்பியை நோக்கி ஓடினார்கள். தப்புவதை விடச் சாவதே அவர்களில் பலரின் நோக்கம். 230க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தக் கைதிகளில் பலர் முகாமில் பொய்ப் பெயர் கொடுத்திருந்தார்கள். உண்மைப் பெயர் செஞ்சிலுவைச் சங்கம் வழியாக ஊருக்குப் போனால் குடும்பம் தலை குனியும் என்ற பயம். ஊரில் அவர்களுக்குச் சாவீடு நடந்து முடிந்திருந்தது.

சோவியத் ஒன்றியம் அதையே ஆணையாகப் போட்டது. 1941 ஓகஸ்ட் 16ஆம் திகதிய 270ஆம் இலக்க ஆணையின்படி, சரணடையும் அதிகாரிகள் துரோகிகள், அவர்கள் குடும்பத்தார் கைது செய்யப்படலாம். சாதாரணச் சிப்பாய் சரணடைந்தால் குடும்பத்துக்கு அரச உதவி நிற்கும். அந்தப் போரில் ஜேர்மனியர் பிடித்த சோவியத் கைதிகள் ஏறத்தாழ 57 இலட்சம் பேர், அவர்களில் 33 இலட்சம் பேரளவில் இறந்தார்கள். எஞ்சியவர்கள் ஊர் திரும்பியபோது அவர்களுக்காகக் காத்திருந்தது, துரோகியா இல்லையா என்று விசாரித்துச் சலிக்கும் ‘வடிகட்டல்’ முகாம்.

எங்கள் இலக்கியமும் இதில் கை கழுவ முடியாது. சோழன் செங்கணானிடம் பிடிபட்டுக் குடவாயிற் கோட்டத்தில் கிடந்த சேரமான் கணைக்கால் இரும்பொறை, தாகத்துக்குத் தண்ணீர் கேட்டுத் தாமதமாகக் கிடைத்ததால் அதைக் குடிக்காமல் உயிர் விட்டதாகப் புறநானூற்று 74ஆம் பாட்டின் குறிப்பு சொல்கிறது. செத்துப் பிறந்த குழந்தையையும் ஆள் அல்ல என்று விட்டுவிடாமல் வாளால் கீறிப் புதைக்கும் குலத்தில் பிறந்து, சங்கிலியில் கட்டிய நாய்போல் இருந்து தண்ணீரை இரந்து குடிப்பதா என்பதுதான் அந்தப் பாட்டின் வேதனை. இன்னொரு மரபும் இருக்கிறது: புலவர் பொய்கையார் களவழி பாடிச் சேரனை மீட்டார் என்பது அது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு மனப்பாடமானது செத்த சேரன். மீட்கப்பட்ட சேரனைப் பற்றி யாரும் கேள்வித்தாளில் கேட்பதில்லை.

அந்த மரபு எங்கள் காலத்தில் கழுத்தில் தொங்கியது. 1974 ஜூன் 5ஆம் திகதி பொலிஸாரிடம் பிடிபடாமல் இருக்க உரும்பிராய் சிவகுமாரன் சயனைட் அருந்தி இறந்தார். பின்னர் விடுதலைப் புலிகளின் போராளிகள் ஒவ்வொருவரும் கழுத்தில் சயனைட் குப்பி அணிந்தார்கள். 1987 ஒக்டோபரில் கடலில் பிடிபட்ட குமரப்பா, புலேந்திரன் உட்பட 17 பேரைப் பலாலியிலிருந்து விசாரணைக்குக் கொழும்புக்குக் கொண்டுவர அரசு முயன்றபோது, 5ஆம் திகதி அவர்கள் குப்பியைக் கடித்தார்கள். 12 பேர் இறந்தார்கள். இந்திய - இலங்கை ஒப்பந்தம் குலைந்ததில் இந்தச் சம்பவத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது வேறொன்று. குப்பி இருந்ததால், 2009 மே மாதத்தில் அதைக் கடிக்காமல் சரணடைந்த ஆயிரக்கணக்கானவர்களின் உயிரே அவர்கள் மேல் ஒரு கேள்வியாகிவிட்டது. பெண் போராளிகளும் அதே குப்பியைத்தான் அணிந்திருந்தார்கள். ஆனால் திரும்பி வந்த பெண்ணிடம் ஊர் கேட்ட கேள்வி அவள் உடம்பைப் பற்றியது, ஆணிடம் கேட்டது அவன் துணிவைப் பற்றியது. இரண்டுமே கொடுமையான கேள்விகள்.

கைதி என்ற பெயரும் இல்லாதவர்கள்

ஜெனீவா உடன்படிக்கைகளை இலங்கை 1959இல் ஏற்றது, அதற்கான உள்நாட்டுச் சட்டத்தை 2006இல் தான் நிறைவேற்றியது. ஆனால் போர்க்கைதி என்ற சட்ட நிலை நாடுகளுக்கிடையிலான போருக்கே உரியது. உள்நாட்டுப் போரில் நான்கு உடன்படிக்கைகளுக்கும் பொதுவான 3ஆம் உறுப்புரை கொலை, சித்திரவதை, அவமானப்படுத்தல் ஆகியவற்றைத் தடுக்கிறது. தரச் சின்னமோ, மாதக் கடிதமோ, போர் முடிந்ததும் விடுதலையோ அதில் இல்லை. ஆகவே பிடிபட்ட தமிழ் இளைஞன் ‘சந்தேகநபர்’ ஆனான். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் அவனை நீதிமன்றம் கொண்டுபோகாமல் மூன்று மூன்று மாதமாக 18 மாதம் வரை வைத்திருக்க இடம் கொடுத்தது (2022 திருத்தம் அதை 12 ஆக்கியது). உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்த வாக்குமூலமே சான்றாகும், அது மிரட்டி வாங்கியதென்றால் கைதியே நிரூபிக்க வேண்டும். கோட்டையின் நாலாம் மாடி (குற்றப் புலனாய்வுத் திணைக்களம்), பூசா தடுப்பு முகாம், மகசீன், வெலிக்கடைச் சிறைகள் என்று கொழும்புத் தமிழர் வாயில் அடிபடும் பெயர்கள் எல்லாம் இந்தச் சட்டத்தோடு ஒட்டியவை. சிறைச்சுவருக்குள் இருப்பதும் பாதுகாப்பல்ல என்பதை 1983 ஜூலை 25ஆம், 27ஆம் திகதிகளில் வெலிக்கடையில் கொல்லப்பட்ட 53 தமிழ்க் கைதிகள் காட்டினார்கள்.

மறுபக்கத்தில், புலிகளிடம் பிடிபட்ட சிங்களச் சிப்பாய்க்கும் அதே கதி. 1994 செப்டெம்பரில் மன்னார்க் கடலில் மூழ்கடிக்கப்பட்ட இலங்கைக் கடற்படையின் சாகரவர்தன கப்பலின் கட்டளை அதிகாரி அஜித் போயகொட எட்டு வருடம் கைதியாக இருந்தார். 2002 செப்டெம்பரில் ஓமந்தையில் நடந்த கைதிப் பரிமாற்றத்தில் விடுதலையானார். அந்தக் காலம் முழுவதும் இரு பக்கத்துக் குடும்பங்களுக்கும் கடிதம் கொண்டுபோனது சர்வதேச செஞ்சிலுவைக் குழு (ஐ.சி.ஆர்.சி). அந்தக் கடிதங்கள் திறந்தே போகும், குடும்பச் செய்தி மட்டும் எழுதலாம், தணிக்கை உண்டு. ஆனாலும் ஒருவனுக்குத் தான் இன்னாருடைய புருஷன், இன்னாருடைய தகப்பன் என்ற நினைப்பைத் திருப்பிக் கொடுத்தது அந்தத் தாள்தான்.

பசி என்ன செய்யும்

ஆண்மை பற்றிய பேச்சில் எல்லோரும் மனதைப் பிடித்துக்கொள்கிறார்கள். முகாம்களில் முதலில் மாறுவது உடம்பு.

1944 - 45இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து 24 வாரம் அரைப்பட்டினி கிடந்தார்கள். நாளுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி, கால்வாசி எடை குறையும் வரை. ஆறாவது மாதத்தில் அவர்களுக்குப் பெண்களில் ஆசை அற்றுப்போனது, கனவும் பேச்சும் முழுக்கச் சாப்பாடானது. சிலர் சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், கோப்பையை நக்கினார்கள். இவர்கள் முட்கம்பிக்குள் இருந்தவர்கள் அல்லர், அடி வாங்கியவர்களும் அல்லர். பட்டினி மட்டுமே இவ்வளவையும் செய்தது. உடம்பு பஞ்சத்தை உணர்ந்ததும் இனப்பெருக்கத்துக்கான சுரப்பிகளை முதலில் மூடும், டெஸ்டோஸ்டிரோன் விழும், தாடி வளர்வது குறையும், காலை எழுச்சி நிற்கும். முகாமில் இருப்பவனுக்கு இந்தக் கணக்கு தெரியாது. தான் நிரந்தரமாகக் கெட்டுப்போனதாக நினைப்பான், வெட்கத்தில் பக்கத்தில் படுப்பவனிடமும் சொல்ல மாட்டான். அவனுக்குப் பக்கத்தில் படுப்பவனுக்கும் அதேதான்.

விடுதலைக்குப் பிறகும் உடம்பு ஒரு விளையாட்டுக் காட்டும். ஜப்பானிய முகாம்களிலிருந்து மீண்ட அமெரிக்கக் கைதிகளில் சிலருக்குச் சாப்பாடு கிடைக்கத் தொடங்கிய பிறகு மார்பு வீங்கியது. பட்டினியில் அடங்கிக் கிடந்த சுரப்பிகளும் ஈரலும் ஒரே வேகத்தில் எழும்புவதில்லை. இடையில் பெண்மைச் சுரப்பின் பங்கு கூடிவிடுகிறது. பெரும்பாலும் மாதங்களில் தானாக வற்றும். இதை முன்கூட்டியே ஒரு வைத்தியர் சொல்லிவிட்டால் பெரிய விஷயமில்லை. சொல்லாவிட்டால், ஏற்கனவே ‘ஆம்பிளையா நீ’ என்று கேட்கப்பட்டவனுக்கு அதைவிடப் பெரிய அடி இல்லை.

இன்னொரு ஆபத்து உயிரையே எடுக்கும். நீண்ட பட்டினிக்குப் பிறகு வயிறு நிறையச் சோறு போட்டால், மாப்பொருளைப் பாவிக்க உடம்பு இரத்தத்திலுள்ள பொஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் இழுத்துக்கொள்ளும், இதயம் தடுமாறும். கடுமையாக மெலிந்தவருக்கு முதல் நாள் எடையில் ஒரு கிலோவுக்குப் பத்துக் கலோரிக்கு மேல் வேண்டாம் என்கின்றன மருத்துவ வழிகாட்டல்கள். 45 கிலோ மனிதனுக்கு அது 450 கலோரி: இரண்டு மூன்று கோப்பைக் கஞ்சி, பிரித்துப் பிரித்து. அதற்கு முன் தயமின் (விற்றமின் பி1) கொடுக்க வேண்டும். பிள்ளை வந்த சந்தோஷத்தில் முதல் நாளே ஆட்டிறைச்சியும் புட்டும் படைக்கும் தாய்க்கு இதை யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

தயமின் என்றதும் அரிசி ஞாபகம் வர வேண்டும். தீட்டிய பச்சையரிசியை மட்டுமே தின்றால் சில வாரங்களில் பெரிபெரி தொடங்கும்: கால் வீங்கும் அல்லது மரக்கும், மூச்சு வாங்கும். நெல்லை அவித்துக் குற்றும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்குவதால் புழுங்கல் அரிசி காப்பாற்றும். புழுங்கல் தின்ற தமிழ்த் தொழிலாளருக்குப் பெரிபெரி அரிதென்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மலாயாவில் கவனிக்கப்பட்டது. ஜப்பானிய முகாம்களில் கிடைத்தது பெரும்பாலும் தீட்டிய அரிசி.

யார் பிழைத்தார்கள், எதனால்

1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபின், சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீற்றர் ரயில் பாதையில் 60,000க்கும் மேற்பட்ட நேசநாட்டுக் கைதிகள் வேலைக்கு விடப்பட்டார்கள், 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே பாதையில் ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 90,000 வரை என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் கணிசமானோர் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர். ஒரே காடு, ஒரே மழை, ஒரே கொலரா. பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

வெள்ளைக்காரன் உடம்பு பலமென்பது பதிலல்ல. கைதிகளிடம் படைக் கட்டமைப்பு உயிரோடு இருந்தது, அதற்குள் வைத்தியர்கள் இருந்தார்கள். கொலரா வந்ததும் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் தொடக்கூடாது, சாப்பாட்டுத் தட்டைக் கொதிநீரில் முக்காமல் வரிசையில் நிற்கக்கூடாது என்று கட்டளை போட முடிந்தது. மலக்குழியை இடம் பார்த்து வெட்டினார்கள். வடிகலன் ஒன்றைக் கையால் செய்து உப்புநீர் தயாரித்து, மூங்கில் துண்டையும் ரப்பர் குழாயையும் கொண்டு இரத்த நாளத்தில் ஏற்றினார்கள். கால் புண்ணின் அழுகலைக் கரண்டியால் சுரண்டி எடுத்தார்கள். அதிகாரிகளுக்கு ஜப்பானியர் கொடுத்த சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்து, உள்ளூர்க்காரரிடம் வாத்து முட்டை வாங்கி நோயாளிக்குக் கொடுத்தார்கள். சிங்கப்பூரின் சாங்கி முகாமில் லாலாங் புல்லைப் பிழிந்து சாறெடுத்தார்கள், விற்றமினுக்காக. தோட்டத் தொழிலாளருக்கு இவற்றில் எதுவும் இல்லை. அவர்களை ஒழுங்குபடுத்த யாரும் இல்லை, கழுவிவிட யாரும் இல்லை, பெயரை எழுதி வைக்கவும் யாரும் இல்லை.

இந்த வேலைகளைக் கூர்ந்து பாருங்கள். தண்ணீர் கொதிக்க வைத்தல், மலம் அள்ளுதல், புண் கழுவுதல், முட்டை ஊட்டுதல், கிழிந்ததைத் தைத்தல், சாகிறவனின் கையைப் பிடித்திருத்தல். வீட்டில் பெண்ணுக்கென்று ஒதுக்கிவிட்டு ஆண் ஒதுங்கியிருக்கும் வேலைகள் இவை. அந்தக் காட்டில் ஆண்களை உயிரோடு வைத்தவை இவைதான். முகாமிலிருந்து வந்தவர்கள் தப்பியோட்டத்தையும் எதிர்ப்பையும் பற்றிப் பேசினார்கள், பேச வைக்கப்பட்டார்கள். கழுவியவனின் கதை அபூர்வமாகவே வெளியே வந்தது. எங்கள் பார்வையில் இந்த விஷயத்தின் மையமே இது. கைதியாக இருந்தபோது ஆண்மைக் குறைவு என்று பெயர் வாங்கிய ஒவ்வொன்றும், கேட்டு வாங்குவதும் அடங்கிப்போவதும் அழுவதும் பராமரிப்பதும், பிழைப்பதற்கான திறமையாக இருந்திருக்கிறது.

பொழுதை நிரப்புவதும் அதில் அடக்கம். முதலாம் உலகப் போர்க் கைதிகளைப் பார்த்த சுவிஸ் வைத்தியர் விஷர், ‘முட்கம்பி நோய்’ என்று ஒன்றை விவரித்தார்: எரிச்சல், தூக்கமின்மை, பெயர்கள் மறத்தல், ஒன்றைத் தொடங்கி முடிக்க முடியாமை. எல்லையில்லாத் தவணையே இதன் வேர். தண்டனை பெற்ற திருடனுக்கு விடுதலைத் திகதி தெரியும், போர்க்கைதிக்குத் தெரியாது. அதனால்தான் முகாம்களில் வகுப்பு, தோட்டம், நாடகம். நாடகத்தில் பெண் வேடம் ஆண்தான் கட்ட வேண்டும். எங்கள் கூத்து மேடைக்கு இது புதிதல்ல. ஐரோப்பிய முகாம்களில் அந்த வேடக்காரர்கள் பெரிய நட்சத்திரங்களாக இருந்தார்கள்.

தென்னாபிரிக்காவில் பிரித்தானியரோடு போரிட்டுப் பிடிபட்டு, கொழும்பு வழியாக 1900 ஓகஸ்ட் முதல் கொண்டுவரப்பட்ட ஏறத்தாழ 5,000 போயர் (டச்சு வழிக் குடியேறிகள்) கைதிகளும் மரத்தில் சாமான்கள் செதுக்கி விற்றார்கள். பெரிய முகாம் தியத்தலாவையில். ராகமையிலும் கல்கிசையிலும் சிறியவை. 1902இல் போர் முடிந்தபோது அரசருக்கு விசுவாசச் சத்தியம் செய்தால்தான் ஊர் போகலாம் என்றார்கள். மறுத்த எங்கல்பிரெக்ட் இங்கேயே தங்கி யாலவின் முதல் வனவிலங்குக் காவலரானார்.

வியட்நாமில் அமெரிக்க விமானிகள் சுவரில் தட்டிப் பேசிய முறையும் சொல்லத்தக்கது. ஐந்துக்கு ஐந்து கட்டம், ஆங்கில எழுத்துகள் இருபத்தைந்து (கே எழுத்துக்கு சி). ஏ, எஃப், எல், கியூ, வி என்பவை வரிசைகளின் தலை எழுத்துகள். முதல் தட்டுகள் வரிசையைச் சொல்லும், சிறு இடைவெளிக்குப் பின் வரும் தட்டுகள் அந்த வரிசையில் எத்தனையாவது என்பதைச் சொல்லும். சித்திரவதையில் உடைந்து, காட்டிக்கொடுத்துவிட்டேன் என்ற குற்றவுணர்வில் சுருண்டு கிடப்பவனுக்குப் பக்கத்து அறையிலிருந்து முதலில் வருவது ஒரு கேள்வி: என்ன கேட்டார்கள், என்ன சொன்னாய்? அடுத்தவன் அதே கேள்விக்குத் தயாராக அது உதவும். கூடவே, இங்கே உடையாதவன் யாரும் இல்லை என்பதும் அவனுக்குப் போய்ச் சேரும்.

சொல்லப்படாத சித்திரவதை

பிடிபட்ட ஆண்கள் மீதான பாலியல் வன்முறை அரிதான விபரீதம் அல்ல. இலண்டனில் வைத்தியர்களிடம் வந்த 184 தமிழ் ஆண்களில் 38 பேர் இலங்கையில் தடுத்து வைக்கப்பட்டபோது பாலியல் வதைக்கு உள்ளானதாகச் சொன்னதை லான்செட் மருத்துவ இதழ் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஐந்தில் ஒருவர். அதுவும் வாய் திறந்தவர்களின் கணக்கு. ஆணுறுப்பில் அடிப்பது, மின்சாரம், பொருட்களைத் திணிப்பது: இவற்றின் குறி உடம்பு மட்டுமல்ல, ‘இனி நீ புருஷனும் ஆகமாட்டாய், தகப்பனும் ஆகமாட்டாய்’ என்ற செய்தி. அந்தச் செய்தியைப் பலர் இருபது வருடம் நம்பிக்கொண்டே இருக்கிறார்கள், ஒரு பரிசோதனைகூடச் செய்யாமல். வதையின்போது உடம்பு தானாக எழுச்சி காட்டியிருந்தால் குழப்பம் இரட்டிப்பாகும். அது நரம்பின் அனிச்சைச் செயல், விருப்பத்தின் அடையாளம் அல்ல.

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவு வல்லுறவைப் பெண்ணுக்கு எதிரான குற்றமாக மட்டுமே வரையறுக்கிறது. ஆணுக்கு நடந்ததை 365ஆ பிரிவின் கீழ் கடுமையான பாலியல் துஷ்பிரயோகமாகவோ, 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சித்திரவதைக்கு எதிரான சட்டத்தின் கீழோ கொண்டுபோகலாம். ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் இருப்பதால், முறைப்பாடு தன் மேலேயே திரும்பும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். சட்டத்தரணி முதலில் தெளிவாக்க வேண்டியது இதைத்தான்: சம்மதமில்லாமல் நடந்ததற்குப் பாதிக்கப்பட்டவர் குற்றவாளி அல்ல. அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதமே அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. சட்ட வைத்திய அதிகாரியிடம் போகும்போது தழும்பு மறைந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம். சித்திரவதையை ஆவணப்படுத்துவதற்கான ஐ.நா. வழிகாட்டியான இஸ்தான்புல் நெறிமுறை மனத் தாக்கத்தையும் சான்றாகப் பதிவு செய்யச் சொல்கிறது, தழும்பு இல்லாததால் வதை நடக்கவில்லை என்று முடிவெடுக்கக்கூடாது என்றும் சொல்கிறது.

வீட்டு வாசலில்

கொரியப் போரில் பிடிபட்ட 7,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களில் சுமார் 2,700 பேர் இறந்தார்கள், 21 பேர் ஊர் திரும்ப மறுத்தார்கள். தாய்மார் செல்லம் கொடுத்து வளர்த்ததால் பொடியன்கள் பலவீனமாகிவிட்டார்கள் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. பின்னால் ஆராய்ந்தவர்கள் குளிரையும் பட்டினியையும் வயிற்றோட்டத்தையும் காரணமாகக் கண்டார்கள். ஆனால் 1955இல் வந்த நடத்தைக் கோவை, பெயர், தரம், இலக்கம், பிறந்த திகதி தவிர வேறெதையும் சொல்லாதிருக்கக் கட்டுப்பட்டவன் என்று சிப்பாயைப் பிணைத்தது. வியட்நாமில் உயிரைக் கொடுத்து அதைக் காப்பாற்ற முயன்றவர்கள், முடியாமல் போனபோது தங்களைத் தாங்களே தண்டித்தார்கள். 1977இல் அந்த வாசகத்தைத் தளர்த்தினார்கள். ஒரு படை, சித்திரவதையில் எவனும் உடைவான் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள 22 வருடம் எடுத்தது.

1973 போரில் பிடிபட்டுத் திரும்பிய இஸ்ரேலியச் சிப்பாய்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள், மனவடு காலத்தோடு ஆறுவதற்குப் பதில் பலரில் பின்னாளில் கூடியதைக் காட்டின. மனைவிமாரிலும் அதன் அறிகுறிகள் தென்பட்டன. ஆகவே ‘விட்டு எத்தனையோ வருஷமாச்சு, இப்ப என்ன’ என்ற கேள்விக்கு அடிப்படை இல்லை. வேலை ஓய்ந்ததும், பிள்ளைகள் வெளியேறியதும், சுகவீனம் வந்ததும் பழையது எழும்பும்.

2009க்குப் பின் புனர்வாழ்வு முகாம்களுக்குப் போன 11,000க்கும் மேற்பட்ட முன்னாள் போராளிகளின் நிலைமையில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. விடுதலைக்குப் பிறகும் புலனாய்வாளர் வீட்டுக்கு வந்து போனார்கள், வேலை கொடுப்பவர்கள் தயங்கினார்கள். அந்த வருடங்களில் மனைவி தையலோ கோழியோ கடையோ நடத்திக் குடும்பத்தை நிமிர்த்தியிருக்கிறாள். வந்தவர் தன் இடத்தைத் திரும்பக் கேட்கிறார், அல்லது மூலையில் குந்தி வாய் திறக்காமல் இருக்கிறார், அல்லது குடிக்கிறார். மூன்றும் ஒரே இழப்பிலிருந்து வருபவை. கடையை அவர் கையில் அப்படியே கொடுத்துவிடுவது மருந்தல்ல. மனைவியின் உழைப்பைப் பறித்து ஆண்மையைத் திருப்பிக் கொடுக்க முடியாது. சிறிதானாலும் அவர் பொறுப்பில் முழுதாக இருக்கும் ஒரு வேலையிலிருந்து தொடங்குவது நல்லது.

வீட்டார் தவிர்க்க வேண்டிய கேள்விகள் இரண்டு: ‘ஏன் சரணடைஞ்சனீ?’, ‘நீ மட்டும் எப்பிடித் தப்பினாய்?’ கேட்பவர் ஆறுதலுக்குக் கேட்டாலும், அவர் காதில் விழுவது விசாரணை அறையின் குரல். அலறி எழும்பினால் தொட்டு எழுப்பக்கூடாது. சற்றுத் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, விளக்கைப் போட்டு, இது வீடு என்று சொல்ல வேண்டும். தூக்கமில்லாமை, கோபம், சாக வேண்டும் என்ற பேச்சு நீடித்தால் அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். ஆண்கள் பலர் மனதைப் பற்றி வாய் திறக்காவிட்டாலும் முதுகு வலி, தலையிடி, வயிற்றெரிவு என்று வைத்தியரிடம் போவார்கள். ‘உள்ளே இருந்தனீங்களா?’ என்று ஒரு தடவை தணிவாகக் கேட்கும் குடும்ப வைத்தியரால் வருடக் கணக்கான அலைச்சலை மிச்சப்படுத்த முடியும்.

கடைசியாகக் கடதாசிகள். தடுப்பில் ஐ.சி.ஆர்.சி சந்தித்துப் பதிவு செய்திருந்தால், அதற்கான தடுப்புச் சான்றிதழை அவர்களிடம் கேட்டுப் பெறலாம். புனர்வாழ்வு முடிந்ததற்கான சான்றிதழ், விடுதலைக் கடிதம், நீதிமன்றப் பதிவுகள், மருத்துவ அறிக்கைகள் ஆகியவற்றையும் சேர்த்து இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். வேலை, கடவுச்சீட்டு, இழப்பீடு, வழக்கு எதற்குப் போனாலும், உள்ளே நடந்ததை முழுவதும் மறுபடியும் வாயால் சொல்ல வேண்டிய தடவைகளை அந்தக் கோப்பு குறைக்கும்.